காயாத தரை

இந்தக் கல்லு ஒரு பக்கம் தடிச்சிருக்கு. தரைக்குப் போடுற கோட்டாக் கல்லுல இது சகஜந்தான், மேல பாத்தா சமமா இருக்கும், அடியில கைய விட்டுத் தடவுனாத்தான் அதோட லட்சணம் தெரியும். தடிச்ச பக்கத்துக்குக் கலவையக் கொஞ்சம் வழிச்சு விடணும், மெலிஞ்ச பக்கத்துக்கு ஒரு கரண்டி கூடப் போடணும். போடுறேன். கல்ல எறக்கி ரப்பர் சுத்தியலால நடுவுல ஒரு தட்டு, மூலைக்கு மூலை ஒரு தட்டு. திரும்பத் தூக்கிப் பாக்குறேன். பதிஞ்ச எடம் வழுவழுன்னு இருக்கு, பதியாத எடம் சொரசொரன்னு அப்படியே கெடக்கு. அதுல ஒரு கை கலவைய அப்பி, சிமெண்டுப் பால ஊத்தி, மறுபடி எறக்குறேன். இப்பத் தட்டுனா அடைச்ச சத்தம் வருது. பொக்குனு வந்தா உள்ள காத்து இருக்குன்னு அர்த்தம், நாளைக்குக் கட்டில் காலு ஏறுனா கல்லு ரெண்டாப் போயிரும். இதுல காத்து இல்ல. எம் பொண்டாட்டி பஞ்சவர்ணம் இந்நேரம் பஸ்ஸுல உக்காந்திருப்பா. வயர் கூடைக்குள்ள ஆஸ்பத்திரி பைலு, ஒரு தண்ணி பாட்டிலு. ஜன்னலோரம் எடம் கெடைச்சிருக்கணும், கெடைக்காட்டி அவளுக்குக் கொமட்டும். வலது மாருல ஒரு கட்டி. ஊசியால சதைய எடுத்து டெஸ்டுக்கு அனுப்பிருக்காங்க, ரிசல்ட்டு இன்னைக்கு. அது அந்த வியாதியா இல்ல சும்மா கட்டியான்னு இன்னைக்குத் தெரிஞ்சிரும். மட்டத்துக்குக் கட்டுன நூலு கொஞ்சம் தொய்ஞ்சிருக்கு, இழுத்துக் கட்டணும்.

நூல இழுத்துக் கட்டிட்டேன். நான் கூடப் போயிருக்கலாம். போயிருக்கலாம்னு நெனைக்கும்போதே அவ சொன்னதும் ஞாபகம் வருது, வேலை இருந்தா நீங்க போங்க, காயிதம் வாங்கத்தான, நானே வாங்கிட்டு வந்துர்றேன்னு. அவதான் சொன்னா. நான் கேக்கல. அவ சொன்னதத்தான் நான் செஞ்சிருக்கேன், இதுல குத்தம் கண்டுபிடிக்க என்ன இருக்கு. ஆனா வேலை இருந்தான்னு சொன்னாளே, அந்த ‘இருந்தா’வுல நான் தொங்கிக்கிட்டு இருக்கேன். இன்னைக்கு வேலை நிக்கக்கூடாதுன்னு யாரும் சொல்லல. மேஸ்திரிக்கு ஒரு போனப் போட்டு, வரல மேஸ்திரின்னா, சரின்னு சொல்லிட்டுப் போயிருப்பாரு. நல்ல மனுசன், வாய்தான் கொஞ்சம் நாறும். நான் போடல. சட்டைய மாட்டுனேன், தூக்குவாளிய எடுத்தேன், அவளுக்கு முன்னால வீட்ட விட்டுக் கெளம்பிட்டேன். தெருமுனை வரைக்கும் அவ பாத்துக்கிட்டு நின்னிருப்பான்னு நெனைக்கிறேன். திரும்பிப் பாக்கல. அடுத்த கல்லு. இது நல்ல கல்லு, நாலு பக்கமும் ஒரே தடிமன், இந்த மாதிரி வந்துட்டா கொத்தனாருக்கு வேலையே இல்ல, வெச்சுட்டுப் போய்க்கிட்டே இருக்கலாம். ரெண்டு கல்லுக்கும் நடுவுல வெரல வெச்சு ஓட்டுறேன். கண்ணுக்குத் தெரியாத ஏத்தத்த வெரல் சொல்லிரும். ஒரு முடி அளவு ஒசந்திருந்தாலும் சொல்லிரும். இந்த வெரலுதான் அன்னைக்கும் சொல்லுச்சு.

அன்னைக்குன்னா, நான் கொல்லைல கரண்டியக் கழுவிக்கிட்டு இருந்தேன். கேஸு தீந்துபோச்சுன்னு சொல்ற மாதிரி வந்து சொன்னா, இங்கன ஒரு கட்டி மாதிரி இருக்குங்க, குளிக்கும்போது தட்டுப்பட்டுச்சுன்னு. நெறிகட்டியிருக்கும்னேன். எங்கிட்டோ சட்டி தூக்கும்போது இடிச்சிருப்பன்னேன். தொட்டுப் பாருங்கன்னு என் கைய எடுத்து வெச்சா. ஈரக் கை, சிமெண்டு வாடை போகாத கை. வெச்ச ஒடனே தெரிஞ்சுபோச்சு. ஆஸ்பத்திரிக்காரங்க மெசின்ல வெச்சுப் பாத்தாங்க, படம் எடுத்தாங்க, ஊசி போட்டாங்க. எனக்கு எதுவும் தேவைப்படல. ஒண்ணுமில்லன்னு சொன்னேன். ஒண்ணுமில்ல, சூட்டுக் கட்டி, ரெண்டு நாளு வெந்தயம் ஊற வெச்சுக் குடின்னு சொன்னேன். அவ ரெண்டு நாளும் குடிச்சா. இந்தக் கை கொஞ்சம் மொரட்டுக் கையா இருந்திருக்கலாம். லோடு எறக்குறவன் கை மாதிரி, எதத் தொட்டாலும் ஒரே மாதிரி தெரியுற கை. நல்ல வேலைக்காரன்னு பேரு வாங்கி என்னத்தக் கண்டேன். சரி, கலவை எறுகுது, ஒரு குவளை தண்ணி விடணும்.

இது படுக்கற ரூமு. ஒரு கதவு, ஒரு ஜன்னலு, ஜன்னலுக்குக் கம்பி போட்டாச்சு. வீட்டுக்காரம்மா வாத்தியாரம்மா, இந்த ரூமுக்கும் வாசலப் பாத்து வாட்டம் வேணும்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க, கழுவிவிட்டா தண்ணி தானா வெளிய ஓடிரணுமாம். படுக்கற ரூமக் கழுவிவிட்டு என்ன பண்ணப் போறீங்கம்மான்னு கேட்டேன். எங்க வீடு நாங்க கழுவுவோம்னாங்க. நியாயந்தான. சாயங்காலமானா ஒரு கோலிக்குண்டக் கொண்டாந்து உருட்டிப் பாப்பாங்க, குண்டு வாசலுக்கு வந்தாத்தான் அவங்க மூஞ்சி மலரும். ஹால்ல அப்படித்தான் உருட்டுனாங்க, குண்டு பாதி வந்து யோசிச்சுக்கிட்டு நின்னுச்சு, அந்தம்மா என்னயப் பாத்தாங்க, நான் குண்டப் பாத்தேன், அப்புறம் அதுக்கே வெக்கம் வந்து மெதுவா உருண்டு போச்சு. மேல்மாடியில சேவுகன் கல்லு அறுக்குறான். அந்த மெசினு ஓடும்போது காதுக்குள்ள வேற ஒண்ணும் நொழையாது. அதுவும் ஒருவகைக்கு நல்லதுதான். சேவுகனோட தங்கச்சிக்கு இதே வியாதி வந்து, ஒரு மாரையே எடுத்துட்டாங்க, இப்ப நல்லா இருக்கா. பஸ் ஸ்டாண்டுக்கிட்ட பணியாரக் கடை போட்டிருக்கா, எங்கிட்டக்கூடத் திமிரா ஒரு தடவை பேசுனா, சட்னி இன்னொரு தரம் கேட்டதுக்கு. அந்தத் திமிர நெனைச்சா மனசுக்கு நல்லா இருக்கு. அவ்வளவு திமிரு இருக்கணும்னா ஒடம்புல ஒரு குறையும் இருக்கக்கூடாது. எங்க பெரிய மதினிக்கு வந்தது வேற. அது வேற மாதிரி, அது லேட்டாப் பாத்தது, அந்தக் காலத்துல மருந்து கெடையாது. அத நான் நெனைக்கல. சேவுகன் தங்கச்சியத்தான் நெனைச்சுக்கிட்டு இருக்கேன். பணியாரம், சட்னி, திமிரு. மதினி கடைசியில தலையணை ஒறையப் பல்லால கடிச்சுக்கிட்டுக் கெடந்துச்சு. நெனைக்கலன்னு சொன்னேன்ல.

அடுத்த கல்லு எங்க. செவுத்தோரமாச் சாத்தி வெச்ச கல்லுல பாதி போயிருச்சு. காலைல முத்துராக்கு, எங்க சித்தாளு, கலவையெல்லாம் உள்ள கொட்டி டிரம்முல தண்ணி நெறப்பிட்டுக் கேட்டா, அண்ணே, இந்தக் கல்லையெல்லாம் வாசப்பக்கம் மாத்த வேணாமான்னு. லோடுக்காரனுக அன்னைக்கு உள்செவுத்துலயே சாத்திட்டுப் போயிட்டானுக. வேணாம்த்தா, கெடக்கட்டும், நீ மேல சேவுகனுக்குத் தண்ணி ஊத்துன்னு அனுப்பிட்டேன். அவ ஒரு நிமிசம் நின்னு என்னயப் பாத்தா. எதுக்குப் பாக்குறான்னு அப்ப வெளங்கல. கல்லத் தூக்க எந்திரிக்கிறேன், இடுப்பு பிடிக்குது, கைய இடுப்புல குடுத்துத் திரும்புறேன். வாசல் அங்கிட்டு இருக்கு. நான் இங்கிட்டு இருக்கேன். நடுவுல அம்புட்டும் ஈரத் தரை.

எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. கரண்டி பிடிச்ச மொத நாளு கத்துக்கிற விசயம் இது. உள்செவுத்துல ஆரம்பிச்சுப் பின்னாலயே வந்து வாசல்ல முடிக்கணும், கடைசிக் கல்ல வெச்சுட்டு வெளிய எறங்கி நிக்கணும், அப்புறம் ஒரு ராத்திரி போற வரைக்கும் ஒருத்தரும் கால வைக்கக்கூடாது. கோழி வந்தாக்கூட வெரட்டுவோம். புதுசா வந்தவன்கூட வாசல்லருந்து ஆரம்பிக்க மாட்டான். நான் ஆரம்பிச்சிருக்கேன். நெலைக்கு அடியில மொதக் கல்ல வெச்சு, நூலக் கட்டி, மட்டம் பாத்து, ஒழுங்கா, வரிசை வரிசையா, உள்ள பாத்துப் போய்க்கிட்டே இருந்திருக்கேன். வேலையில ஒரு கொறையும் இல்ல. வாட்டங்கூட அந்தம்மா சொன்ன மாதிரியே இருக்கு. சேவுகனுக்குத் தெரிஞ்சா சாகுற வரைக்கும் சொல்லிக் காட்டுவான், எங்க வேலைக்குப் போனாலும், சோணைமுத்தண்ணே, வாசல் எங்கிட்டு இருக்குன்னு பாத்துக்கங்கன்னு ஆரம்பிச்சிருவான். கல்லு உள்செவுத்துல சாஞ்சு கெடந்துச்சு, அதான் அப்படி ஆகிப்போச்சுன்னு சொல்லிக்கலாம். அதையும் முத்துராக்கு கேட்டாளே. கேட்டதுக்கு வேணாம்னுதான சொன்னேன். சரி, வேலை கெட்டுப்போகல, பலகை போட்டா வெளிய வந்துறலாம். பலகை வராண்டாவுல கெடக்கு. சத்தம் போட்டா முத்துராக்கு எடுத்தாந்து போடுவா. மெசினு ஓடுது, கேக்காது. மெசினு நிக்கும்போது கூப்பிடலாம். மெசினு நிக்குது. நான் கல்லத் தூக்கிக்கிட்டு இருக்கேன், கல்லத் தூக்கும்போது எப்படிக் கூப்பிடுறது. மெசினு மறுபடி ஓடுது.

அப்பத்தான் போன் அடிக்குது. சட்டைல இருக்கு. சட்டைய நெலைக்கு வெளிய ஆணியில மாட்டியிருக்கேன், வேலை முடிச்சு எந்தப் பக்கம் வெளிய வருவோமோ அங்கனதான் சட்டைய மாட்டுறது, இது எங்க எல்லாருக்கும் பழக்கம். கை பழக்கத்துக்கு வாசல்ல மாட்டிருச்சு. சட்டைக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியல. அடிக்குது. பையில வெளிச்சம் மினுக்குறது இங்கிருந்து தெரியுது. இன்னும் அடிக்குது. ஈரத் தரையில கால வைக்க முடியாது. இது ஞாயமான காரணம், யாரு கேட்டாலும் ஒத்துக்குவாங்க, மேஸ்திரி ஒத்துக்குவாரு, அந்தம்மா ஒத்துக்குவாங்க, வர்ணமே ஒத்துக்குவா, அவளும் எத்தனையோ வருசம் என் கூடச் சித்தாளா நின்னவதான. சிமெண்டுப் பால அவள மாதிரி யாரும் கரைக்க முடியாது, திக்காவும் இல்லாம தண்ணியாவும் இல்லாம, சொல்லாமயே தெரியும் அவளுக்கு. கை வலிக்குதுன்னு வைகாசிக்கு அப்புறம் வரல. மேஸ்திரியா இருக்கும். மேஸ்திரிதான் இந்நேரத்துக்குக் கூப்பிடுவாரு, எத்தனை வரிசை ஆச்சுன்னு. நின்னுபோச்சு. வேர்த்திருக்கு எனக்கு. காத்தாடி இல்லாத ரூமு, வேர்க்கத்தான செய்யும்.

முத்துராக்கு சாப்பாட்டுக்கு எறங்கி வந்தா. வாசல்ல நின்னு உள்ள பாத்தா, வாயில முந்தானைய வெச்சுக்கிட்டுச் சிரிச்சா. சிரிச்சு முடிச்சதும் பலகை எடுத்தாரவாண்ணேன்னு கேட்டா. வேணாம், இன்னும் கொஞ்சந்தான், முடிச்சிட்டு வாரேன்னேன். முடிச்சிட்டு எங்கிட்டு வருவீங்கன்னு கேட்டா. நல்ல கேள்விதான். நீ போய்ச் சாப்புடுத்தான்னேன். அப்ப மறுபடி போன் அடிக்குது, அவ தோளுக்குப் பக்கத்துல, சட்டைக்குள்ள. எடுத்துப் பேசவாண்ணே, வர்ணம் மதினியா இருக்கும்னு கைய நீட்டிட்டா. அவளுக்கு விசயம் தெரியும், சித்தாளுகளுக்குள்ள தெரியாத சேதி எது. தொடாதன்னேன். நான் சொன்ன தொனி எனக்கே பிடிக்கல. அவ கைய எடுத்துக்கிட்டா. ரெண்டு பேரும் அது அடிச்சு ஓயுற வரைக்கும் அப்படியே இருந்தோம், அவ வாசல்ல, நான் செவுத்தோரம். மேஸ்திரியாத்தான் இருக்கும்னு சொன்னேன். ஆமாண்ணேன்னு சொல்லிட்டுப் போயிட்டா. அவ நம்பலங்கிறது அந்த ஆமாண்ணேவுல தெரிஞ்சுபோச்சு. சேவுகன்கிட்ட அவ சொல்லியிருப்பா, ஆனா அவன் கீழ வந்து கேலி பண்ணல. கேலி பண்ணியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

மெசினு நின்னபிறகு ரூமுல சத்தமே இல்ல. சுத்தியலு சத்தம் மட்டும். கல்லு அடைச்ச சத்தம் குடுக்குது, ஒண்ணொண்ணும் ஒழுங்கா உக்காருது. இவ்வளவு நல்லா நான் வேலை பாத்து நாளாச்சு. எடம் கொறைஞ்சுக்கிட்டே வருது, இப்ப முட்டிபோட்டு உக்கார மட்டும் எடம் இருக்கு, அப்புறம் ஒரு காலு வைக்க மட்டும் இருக்கும், அப்புறம் செவுத்துல பல்லி மாதிரி ஒட்டிக்கிட வேண்டியதுதான். நல்ல சேதின்னா அவ மூணாவது தடவையும் அடிச்சிருப்பா, நல்ல சேதிய வெச்சுக்கிட்டு யாரும் சும்மா இருக்க மாட்டாங்க. கெட்ட சேதின்னாலும் அடிப்பாங்கதான. போனுல சார்ஜு இல்லாமப் போயிருக்கும். இல்லாட்டி டாக்டரம்மா ரவுண்ட்ஸ் போயிருக்கும், அவ இன்னும் பெஞ்சுல உக்காந்திருப்பா, எவளோ ஒருத்தி அவகிட்ட தன் கதையச் சொல்லிக்கிட்டு இருப்பா, இவ ஆமா ஆமான்னு கேட்டுக்கிட்டு இருப்பா. காயிதத்துல ஒண்ணுமில்லன்னு போட்டிருக்கும். டவுன்ல எறங்கி மல்லிப்பூ வாங்கியிருப்பா. ஒண்ணுமில்லாட்டி நாளைக்கே நம்ம வீட்டு அடுப்படிக்கு ஒடைஞ்ச கல்லு ரெண்டு மூணு கொண்டுபோய் ஒட்டிக் குடுத்துறணும், எத்தனை வருசமாக் கேட்டுட்டா. ஊரு பூராம் தரை போட்டவன் வீட்ல சிமெண்டுத் தரை பேந்து கெடக்கு. அவ காலு அதுல நடந்து நடந்து வெடிச்சுப்போய்க் கெடக்கு.

பயமா இருக்கு. இதச் சொல்லிட்டா என்ன கொறைஞ்சு போகுது, ஆளும் இல்ல பேரும் இல்ல இந்த ரூமுல. பயமா இருக்கு. மறதியில வாசல்லருந்து ஆரம்பிச்சேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு இருக்கேன். மறதியாவது மண்ணாவது. போன எடுக்க முடியாத எடமாப் பாத்து, ஒவ்வொரு கல்லா வெச்சு, வழிய அடைச்சுக்கிட்டு நானே உள்ள வந்து உக்காந்திருக்கேன். அவ அங்க தனியா ஒரு கதவுக்கு முன்னால நின்னு பேரு கூப்பிடுறாங்களான்னு கேட்டுக்கிட்டு இருக்கும்போது, நான் இங்க வெரலால ஏத்தம் எறக்கம் பாத்துக்கிட்டு இருக்கேன். சீ. என்னயவே எனக்குப் பிடிக்கல. எந்திரிச்சுப் போயிறலாமா. போனா எத்தனை கல்லு எறங்கும், எல்லாத்தையும் பேத்து மறுபடி போடணும், அந்தம்மா சாயங்காலம் குண்டோட வந்து நிக்கும். பாரு, மறுபடி அதையேதான் பிடிச்சுக்கிறேன். ஒரு மூலையில கல்லு ஒரு நூலு ஒசந்திருக்கு. தட்டுறேன். இன்னும் ஒசந்திருக்கு. தட்டுறேன்.

ரூமுக்குள்ள வெளிச்சம் கொறையுது. யாரோ வாசல மறைச்சுக்கிட்டு நிக்கிறாங்க. முத்துராக்குன்னு நெனைச்சு நிமிரல. கூடையக் கீழ வைக்கிற சத்தம் கேட்டுச்சு. வர்ணம். தலையில பூ இல்ல. வீட்டுக்குப் போகாம நேரா இங்க வந்திருக்கா. என்னயப் பாக்குறா, தரையப் பாக்குறா, மொத வரிசையிலருந்து நான் உக்காந்திருக்கிற எடம் வரைக்கும் மெதுவாப் பாக்குறா. வேலை தெரிஞ்சவ, அவளுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்ல.

“போன் அடிச்சேன்” அப்படின்னா.

“சட்டையில இருக்கு.”

அவ சட்டைய ஒரு தடவை பாத்தா.

“வாசல்லருந்தா ஆரம்பிச்சீங்க?”

ஆமான்னு தலைய ஆட்டுனேன். திட்டுவான்னு பாத்தேன், இல்ல சிரிப்பான்னு. ரெண்டும் இல்ல. நெலையப் பிடிச்சுக்கிட்டு நின்னா. என்ன சொன்னாங்கன்னு நான் கேக்கணும், அது என் வேலை. அவளே சொன்னா.

“அதுதானாம். மார எடுக்கணுமாம், அப்புறம் மருந்து ஏத்தணுமாம்.” கூடைய ஓரமாத் தள்ளிட்டுச் சொன்னா, “தனியாத்தான் வந்தியாம்மான்னு கேட்டாங்க. ஆமான்னேன்.”

கையில சுத்தியலு இருக்கு. அத எங்க வைக்கிறதுன்னு தெரியல. அவ செருப்பக் கழட்டுறா. சேலைய லேசாத் தூக்கிப் பிடிக்கிறா, வலது கைய ஒடம்போட ஒட்டி வெச்சிருக்கா. என்ன பண்ணப் போறான்னு தெரிஞ்சதும் என் வாய் அதுபாட்டுக்குச் சொல்லுது.

“மிதிக்காத வர்ணம். கல்லு எறங்கிரும்.”

“எறங்கட்டும்.”

மொதக் கல்லுல கால வெச்சுட்டா. இடுக்குல சிமெண்டுப் பால் பொங்கி அவ வெரலுக்கு மேல வருது. அடுத்த கல்லு. அவ அழுதுக்கிட்டே வாரா, சத்தமில்லாம, கீழ பாக்காம, என்னயப் பாத்துக்கிட்டே. கல்லு ஒண்ணொண்ணா எறங்குற சத்தம் எனக்கு நல்லாக் கேக்குது. நானும் எந்திரிச்சு எனக்கு முன்னால இருந்த கல்லு மேல கால வெச்சேன்.